பாக்கியத்தின் படப்பெட்டியும் என் வயிற்றெரிச்சலும்

என் வயிற்றெரிச்சலே, என் கண்ணே, பாக்கியம்!

நீ சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. உனக்கென்ன? எங்கே போனாலும் நாலு பேரைச் சுற்றி உட்காரவைத்து, சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டு சுகமாகத்தான் இருப்பாய். முழங்கால் வலியோடும் நீ விட்டுப்போன கறுப்புப் பெட்டியோடும் இங்கே கிடப்பவள் நான்தான்.

உனக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு மறந்துபோகவில்லை. அங்கே படித்தவர் யாராவது இருப்பார்கள், வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள். பதுளைப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த என் மூத்த ஓரகத்தி எழுதியது, எழுத்து எப்படி முத்து முத்தாக இருக்கிறது பாருங்கள் என்று அவரிடம் காட்டு. அந்த ஒன்றிலாவது நான் உனக்கு ஒரு படி மேலே இருந்துவிட்டுப் போகிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாக்கியம் என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி. கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே கொழுந்தனார் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. இந்தியாவுக்குத் திரும்பிப் போகச் சொன்னார்கள். "எனக்கு ஊரு இதுதான்" என்று, தெமோதரைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்தாள். துரைசாணி சீமைக்குத் திரும்பியபோது தன்னுடைய பழைய படப்பெட்டியை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். போன மாதம் பாக்கியம் காலமாகிவிட்டாள். அவ்வளவுதான். இனிமேல் இது எனக்கும் அவளுக்கும் உள்ள வழக்கு.

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல மழை. பச்சைப்பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி முந்தானைக்குள் மூடிக் கொண்டுவந்தாய். கறுப்புத் தோல் ஒட்டிய பெட்டி. தூக்க ஒரு வார், முன்னால் ஒரு கண், பின்னால் பொட்டு மாதிரிச் சிவப்பாக ஒரு ஜன்னல். நம் ராசாத்தி அப்போது பல் விழுந்த பிள்ளை. "என்னா சின்னப்பாயி அது?" என்று ஓடிவந்தாள். "இதுக்குள்ள ஒன்னயப் புடிச்சு வச்சுக்கப் போறேன்டி" என்றாய். பிடித்துத்தான் வைத்துக்கொண்டாய்.

அவள் என் பேத்தி, பாக்கியம். நான் பெற்ற மகன் பெற்ற மகள். நெற்றி என் நெற்றி, நடை என் நடை, கோபம்கூட என்னுடையதுதான். ஆனால் காய்ச்சலில் முனகும்போது யார் பெயரைச் சொன்னாள்? பாயை யார் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டாள்? கல்யாணமாகி அப்புத்தளைக்குப் போனபோது முதலில் யார் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்? எனக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்தாயா? அடுப்படியில் இருந்தாலும் எனக்குக் கண் வாசலில்தான்.

நீயோ அவளைப் படமாக எடுத்துத் தள்ளினாய். மாரியம்மன் திருவிழாவில் புதுப் பாவாடையோடு, பூசணிப் பந்தலடியில், மலைத்தண்ணீர் இறங்குகிற பீலிக் குழாயடியில், ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு. ஆட்டுக்குட்டிக்கே உன் பெட்டியில் மூன்று நாலு படம் இருக்கிறது. எனக்கு? ஒன்றே ஒன்று. அதிலும் கழுத்துக்குமேல் ஈரக் கையால் அழித்த கோலம் மாதிரி இருக்கிறேன்.

"அக்கா, நீங்க ஆடிட்டீங்க" என்றாய்.

"நான் எங்கடி ஆடுனேன்?"

"அடுப்புல பால் பொங்குதுன்னு திரும்பிட்டீங்கக்கா. கண்ணு தெறந்து மூடுற வரைக்கும் மூச்சு விடாம நிக்கணும்."

பால் பொங்கினால் திரும்பாமல் வேறு என்ன செய்வார்களாம்? அன்றிலிருந்து உன் படங்களை நான் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை. நீ நீட்டுவாய். "அங்க வையி, அப்புறம் பாக்குறேன்" என்பேன். கூர்ந்து பார்த்தால் உன் முகம் மலர்ந்துவிடும், அதை நான் பார்க்க வேண்டி வரும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மூத்தவள் என்கிற மரியாதையில் நீ எனக்குக் குறை வைத்ததில்லை. பெரியவர்கள் நிழலை மிதிக்கக்கூடாது என்று நம் மாமியார் எனக்குச் சொன்னார், நான் உனக்குச் சொன்னேன். காலையில் பீலிக்குப் போகும்போது பின்னாலிருந்து வரும் வெயிலில் என் நிழல் பாதையை அடைத்துக்கொண்டு கிடக்கும். எனக்கு முன்னால் போக வேண்டுமென்றால் நீ தேயிலைச் செடிக்குள் இறங்கி, குடம் இடிக்க இடிக்கச் சுற்றிக்கொண்டு போவாய். ஒரு நாளும் நீ மிதித்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை.

சரி, நீ போன பிறகு நடந்ததைக் கேள்.

நம் வழக்கப்படி உன் உயிர் போன இடத்தில், அந்தச் சாமான் அறையில், தலைமாட்டில் விளக்கு ஏற்றினோம். கருமாதி வரைக்கும் அணையக்கூடாது. மறுநாளே ராசாத்தி புருஷனோடு அப்புத்தளையிலிருந்து வந்துவிட்டாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என்னிடம் இன்னொன்றையும் சொன்னாள். அவள் புருஷனுக்கு மலாய் நாட்டில் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்திருக்கிறது. கருமாதி முடிந்த மறுநாள் ரயில் ஏற வேண்டும்.

"ஏன்டி, கொஞ்ச நாளு கழிச்சுப் போனா என்னா?"

"கப்பல் நமக்காக நிக்குமா அப்பாயி?"

மலாய் நாடு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சுவரில் படம் மாட்டியிருந்தது, நடுவில் முழுக்க நீலம். போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்? இந்த வயதில் நான் இனி அவளைப் பார்ப்பேன் என்பதற்கு என்ன நிச்சயம்?

பயணப் பெட்டி கட்டும்போது உன் படக்கட்டை வெள்ளைத் துணியில் சுற்றி, சேலைகளுக்கு நடுவில் நோகாமல் வைத்தாள். நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் அவ எடுத்ததா?"

"ஆமா அப்பாயி. அங்க போயி பாத்துக்குவேன்ல."

"என் கைபட்டது ஒண்ணும் கொண்டுபோகலயா?"

"ஊறுகா ஜாடி இருக்கே!" என்று சிரித்தாள்.

எலுமிச்சை ஊறுகாய்! அதுவும் கப்பலிலேயே தீர்ந்துவிடும். நீ அக்கரையில் ஆயுசுக்கும் அவளோடு இருப்பாய், நான் நடுக்கடலில் காலியாகிவிடுவேன். அந்த நிமிஷம்தான் முடிவு செய்தேன். பாக்கியம் எத்தனை வேண்டுமானாலும் எடுத்திருக்கட்டும். பயணம் போகிற கோலத்தில் ராசாத்தியை அவளால் எடுக்க முடியாது. அது என் கையால்தான் நடக்க வேண்டும். அந்த ஒரு படம் அவள் பெட்டிக்குள் போக வேண்டும்.

உன் படப்பெட்டியை இறக்கினேன். "எழவு வீட்டுல போட்டோ என்னா வேண்டிக்கெடக்கு?" என்று பக்கத்து லயத்து வீடுகளில் பேசினார்கள். பேசட்டும். பெரிய கங்காணி பெண்டாட்டியான என்னை நேரே வந்து கேட்க யாருக்குத் துணிச்சல்?

முழங்கால் வலியோடு பதுளைக்கு நடந்து போய், நீ வாங்குகிற அதே முஸ்லிம் நானாவின் கடையில் பிலிம் சுருளும் மருந்துப் பொட்டலங்களும் படக் காகிதமும் வாங்கிவந்தேன். ராசாத்தி பார்த்தவரைக்கும் சொல்லிக்கொடுத்தாள். வெயிலில் திறக்கக்கூடாது, நிழலில் உட்கார்ந்துதான் சுருளை மாற்ற வேண்டும். கறுப்புக் காகிதத்தின் நுனியை எதிர்க் கட்டையின் பிளவில் சொருகி, மூடி, சாவியைத் திருக வேண்டும். சிவப்பு ஜன்னலில் முதலில் காகிதத்தில் அச்சடித்த ஒரு கை வந்தது, விரலை நீட்டிக்கொண்டு. பின்னாலேயே ஒன்று என்கிற இலக்கம் வந்து நின்றது. இங்கிலீஷ் இலக்கம் எனக்குத் தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் மேலே இருக்கிற அந்தக் குட்டிக் கண்ணாடி இருக்கிறதே! பெட்டியை வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்தால் ராசாத்தி அதற்குள் சிலை மாதிரி நிற்கிறாள். சரியாக நடுவில் வைக்கலாம் என்று இந்தப் பக்கம் திருப்பினால் அவள் அந்தப் பக்கம் ஓடுகிறாள். அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம். நான் வாசலில் சுற்றிய சுற்றைப் பார்த்து உன் பெரிய அத்தான் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"என்னா இது, காவடியா?"

"நீங்க சும்மா இருங்க. இந்தக் குட்டிக் கண்ணாடிக்குள்ள எல்லாம் எடவலமாத் தெரியுது."

"பாக்கியம் ஒரு நாளும் இப்படிச் சுத்துனதில்லையே."

அவரும் சொல்லிவிட்டார். கட்டின புருஷனும் உன் கட்சி.

அந்த முதல் சுருளில் ஆட்டை எடுத்தேன், பலாமரத்தை எடுத்தேன், சிரித்த உன் அத்தானை எடுத்தேன். ராசாத்தியை இரண்டு தரம் எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெட்டி அசையாமல், அந்த இரும்பு நாக்கைத் தள்ளினேன். டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கிறது, பாக்கியம். இதைத்தான் நீ இத்தனை வருஷம் தனியாக அனுபவித்தாயா?

அடுத்து கழுவ வேண்டும். நீ கழுவும்போது ராசாத்தியை உள்ளே விட்டதில்லை, மருந்து கையில் பட்டுவிடும் என்று. கதவுக்கு வெளியே நின்று கேட்டதைத்தான் சொன்னாள். முதல் மருந்து, பிறகு தண்ணீர், பிறகு இரண்டாம் மருந்து, கடைசியில் பீலித் தண்ணீரில் அலச வேண்டும். இருட்டாக இருக்க வேண்டும். இருட்டுக்கு எங்கே போவது? இரவில் வீடு முழுக்கத் துக்கத்துக்கு வந்தவர்களும் அரிக்கன் லாம்புகளும். ஜன்னல் இல்லாத ஒரே இடம் நீ கழுவுகிற அதே சாமான் அறைதான், நீ கண்ணை மூடிய அறை. பட்டப்பகலில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினோம். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தோம், கூரை ஓட்டையில் பழந்துணி. ஒரு ஊசிமுனை வெளிச்சம் வராமல் பார்த்துக்கொண்டோம். சுருளைப் பிரித்து, இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்து, தொட்டில் ஆட்டுகிற மாதிரி மருந்தில் தோய்த்துத் தோய்த்து எடுத்தேன்.

கறுத்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் அடுப்புக்கரி. ஆடும் இல்லை, அத்தானும் இல்லை, ராசாத்தியும் இல்லை.

கோபத்தில் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மறுநாளே பதுளைக்குப் போனேன், ராசாத்தியையும் இழுத்துக்கொண்டு.

"நானா, கெட்டுப்போன சாமானத் தந்து ஏமாத்திட்டீங்களே!"

நானா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது சாமான் கெட்டதில்லம்மா. வெளிச்சம் தின்னிரிக்கி. எங்க வச்சுக் கழுவினீங்க?"

"கும்மிருட்டுல. ஓட்டையெல்லாம் அடைச்சிட்டோம்."

"ஒரு வெளிச்சமும் இல்லியா?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப மருந்துத் தட்டு எப்பிடிம்மா கண்ணுக்குத் தெரிஞ்சிச்சு?"

நான் ராசாத்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"சின்னப்பாயி இருந்தாங்க" என்றாள் அவள்.

நானா பயந்துபோய் ஓரடி பின்னால் நகர்ந்தார், பாவம்.

பிறகு விளக்கிச் சொன்னேன். எங்களுக்கு அது விளக்கு என்றே தோன்றவில்லை, பாக்கியம். கருமாதி வரைக்கும் அதை விளக்கு என்று யார் சொல்கிறார்கள்? "பாக்கியத்துக்கு எண்ணெ ஊத்துனியா?", "பாக்கியம் காத்துல ஆடுது, கதவச் சாத்து" என்றுதானே பேச்சு. அது நீ. அறையில் ஒரு மூலையில் நீ உட்கார்ந்திருக்கிறாய், நாங்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம், அப்படித்தான் இருந்தது. நீ என் சுருளைத் தின்றுகொண்டிருந்தாய் என்று யாருக்குத் தெரியும்? செத்த பிறகும் விட்டுக்கொடுக்கவில்லையே நீ!

நானாவிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சுருள். அடுத்தது கொழும்பிலிருந்து வர வேண்டும், அதற்குள் ராசாத்தி கப்பலில் இருப்பாள். இதை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிக் கழுவி வாங்கவும் நாள் இல்லை.

"அந்த வெளக்க அணைச்சிட்டுக் கழுவுங்கம்மா" என்றார் நானா.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். "ஒரு நாழி ஊதி அணைச்சிட்டு, வேல முடிஞ்சதும் ஏத்திட்டாப் போச்சு. யாரு பாக்கப்போறா?"

உன் அறைக்குள் போய் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒரு ஊது ஊதினால் போதும். ஒரு பக்கம் நீ, இன்னொரு பக்கம் என் படம். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் பிறகு நினைத்துப் பார்த்தேன். நான் ஊதினால் நீ மேலேயிருந்து வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாய். "பரவால்லக்கா" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியாது. உன் தயவில் ஒரு படம் எனக்கு வேண்டாம்.

"அணைக்க மாட்டேன்" என்று வெளியே வந்து சொன்னேன்.

அப்போதுதான் ராசாத்தி, "அப்பாயி, சின்னப்பாயி கழுவும்போது கதவுக்கடியில செவப்பா வெளிச்சம் தெரியும். உள்ள சாமி இருக்குன்னு நெனச்சு கும்புட்டுக்குவேன்" என்றாள். அடிப்பாவி, இதை முதலிலேயே சொல்லக்கூடாதா? மறுபடியும் நானா கடைக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன். ஆமாம், சிவப்பு வெளிச்சம் பிலிமைத் தொடாதாம். பங்களாவில் கொடுத்த சிவப்பு லாந்தர் ஒன்று உன்னிடம் இருந்து, உடைந்துபோனதாம். இவ்வளவு நாள் கழித்து நானா சொல்லி எனக்குத் தெரிகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? நானும் கேட்கவில்லை, அது வேறு.

பதுளைக்கு ரயில் இன்னும் வரவில்லை, பாக்கியம். மலையைக் குடைந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் தெமோதரை ஸ்டேஷனில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் உன் அத்தானுக்குப் பழக்கம்தானே. ரயிலுக்குக் கொடி காட்டுகிறவருடைய கை லாந்தரிலிருந்து உடைந்த சிவப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கிவந்தார். மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஓட்டை வெட்டி, அதற்கு நேரே கண்ணாடியை வைத்து, ஓரத்தைச் சாணியும் களிமண்ணும் போட்டு அடைத்தேன். உன் விளக்கை ஆடாமல் அசையாமல் தூக்கி அதற்குள் வைத்தேன். நீ அணையவில்லை. அறை முழுக்கக் குங்குமம் கரைத்த மாதிரி ஆனது. மரியாதையாகச் சொன்னேன்: "இந்தா பாரு, இப்ப ஒழுங்கா ஒத்தாச பண்ணு."

கருமாதிக்கு முதல்நாள் காலை. ராசாத்தி சுங்குடிச் சேலை கட்டி, தலை வாரி, பூசணிப் பந்தலுக்கு முன்னால் நின்றாள். வெயில் எடுக்கிறவள் முதுகில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள், அப்படியே நின்றேன். என் நிழல் தரையில் அவளை நோக்கி நீண்டு கிடந்தது. அவள் நேரே வந்து அதன்மேல் காலை வைக்கப் போனாள்.

"ஏய்! பெரியவங்க நெழல மிதிக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? தள்ளி நில்லுடி!"

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "என்னா?" என்றேன். "ஒண்ணுமில்ல அப்பாயி" என்று ஒரு அடி பின்னால் போய் நின்றாள்.

ஒரு படத்தில் என் முந்தானை கண்ணை மறைத்துவிட்டது. ஒன்றை எடுத்துவிட்டுச் சாவியைத் திருக மறந்து அதன்மேலேயே இன்னொன்றையும் எடுத்தேன். ஒன்றில் அவளுக்குத் தும்மல். ஆனால் கடைசிப் படத்துக்கு நான் மூச்சையும் அடக்கி, மனசையும் அடக்கினேன். டக்.

உன் சிவப்பு வெளிச்சத்தில் கழுவினேன். இந்த முறை கரியாகவில்லை. மெல்ல மெல்ல ஒரு உருவம் வந்தது. பிலிமில் எல்லாம் எதிர்மாறு என்பது உனக்குத் தெரியும். என் பேத்தியின் கறுத்த கூந்தல் வெளுத்து, நரைத்த தலையோடு நின்றாள். எனக்கு ஒரு நிமிஷம் நானே நிற்கிற மாதிரி இருந்தது. அவள் கிழவியாகிற காலத்தை நானும் நீயும் பார்க்கமாட்டோம். அந்த அறையில் நாம் இரண்டு பேரும் பார்த்துவிட்டோம், இல்லை?

கருமாதி முடிந்த மறுநாள் காலை, வண்டி வருவதற்கு முன்னால், பிலிமைப் படக் காகிதத்தோடு கண்ணாடிச் சட்டத்தில் வைத்து வாசலில் வெயிலுக்குக் காட்டினேன். ராசாத்தி பயணச் சேலையோடு பக்கத்தில் குந்தினாள். முகம்தான் முதலில் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் வரவில்லை. கீழே, அவள் காலுக்கு முன்னால், கறுப்பாக ஏதோ ஒன்று வந்தது. கறை என்று நினைத்தேன். அது நீண்டது. ஒரு தலை, கொண்டை, அகலமான தோள், இரண்டு பக்கமும் துருத்திய முழங்கை.

"இது யாருடி?"

"நீங்கதான் அப்பாயி. ஒங்க நெழலு."

அதற்குப் பிறகுதான் சேலை வந்தது, பந்தல் வந்தது, கடைசியாக அவள் முகம். நான் அவளுக்கு முன்னால் வந்துவிட்டேன், பாக்கியம்! எவ்வளவு தெளிவு! பால் பொங்கினதும் இல்லை, ஆடினதும் இல்லை.

எனக்கு உடனே ஒன்று தோன்றியது. "அந்தப் படக்கட்டக் கொண்டாந்து குடுடி" என்றேன். கட்டின பெட்டியைத் திறக்கவைத்தேன். உன் படங்களை வாழ்நாளில் முதல் தடவையாக ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

திருவிழாவில் நீ. பந்தலடியில் நீ. பீலிக்கரையில் நீ. ஒல்லியான நிழல், சின்னக் கொண்டை, துருத்திய முழங்கை. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் அடியில் நீ கிடக்கிறாய். எல்லாவற்றிலும் அந்தக் குட்டிப் பாதம் உன் நிழலின் தலையில் நிற்கிறது.

"சின்னப்பாயி அப்படித்தான் நிக்கச் சொல்லுவாங்க" என்றாள் ராசாத்தி. "'என் தலைய மிதிச்சுக்கடி, அப்பத்தான் தூரம் சரியா இருக்கும், நீயும் ஓடமாட்ட' ம்பாங்க. வெயில் சரிவுல நெழலு அதே நீளம் வர்ற நேரம் பாத்துத்தான் எடுப்பாங்க. அதத்தான் அன்னிக்கு சொல்ல வந்தேன். நீங்க வைஞ்சுட்டீங்க."

என் படத்தைப் பார்த்தேன். என் நிழலின் தலைக்கும் அவள் காலுக்கும் நடுவில் ஒரு சாண் மண். வெறும் மண்.

திருடி! இத்தனை வருஷம் இத்தனை படத்திலும் அவளோடு நின்றுவிட்டு ஒன்றுமே தெரியாதவள் மாதிரி இருந்தாயே. என் நிழலைச் சுற்றிக்கொண்டு போன அதே நீ, உன் தலையை அவளுக்கு மணையாகப் போட்டுக் கொடுத்திருக்கிறாய். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? இப்போது தோன்றி என்ன செய்வது? சுருள் தீர்ந்துவிட்டது, வாசலில் வண்டி மணி கேட்கிறது.

என் படத்தை எங்கே வைக்கிறாள் என்று பார்த்தேன். உன் படக்கட்டிலேயே சேர்த்து, அதே துணியில் சுற்றி, அதே நூலால் கட்டினாள். மேலே வைத்தாளா கீழே வைத்தாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம்.

ரயில் புறப்பட்டபோது ஜன்னலில் இருந்து கையை ஆட்டினாள். நான் உன் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குத்தான் ஆட்டினாளா, பெட்டிக்கு ஆட்டினாளா?

இனி உனக்கு ஒரு வார்த்தை கொடுக்கிறேன். நானாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கொழும்பிலிருந்து சுருள் வந்ததும் ஆள் அனுப்புவார். உன்னை அடக்கம் செய்த மேட்டில் முருக்கமரத்து நிழல் விழாத ஒரு நேரம் சாயங்காலத்தில் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வெயில் என் முதுகில் இருக்கும். கிட்டேயும் போகாமல் எட்டியும் போகாமல், என் நிழலின் தலை சரியாக உன் கால்மாட்டில் வந்து விழுகிற தூரத்தில் நிற்பேன். நாம் இரண்டு பேரும் இருக்கிற ஒரே படம் அதுதான். அதை மலாய் நாட்டுக்கு அனுப்பி, அந்தப் படக்கட்டில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கச் சொல்லி எழுதுவேன்.

அன்றைக்குச் செடிக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போகாதே. மூத்தவள் நிழல் என்று பார்க்காதே. காலை நீட்டி, நன்றாக மிதித்துக்கொள்.

இப்படிக்கு, பொறாமை கொஞ்சமும் குறையாத,
உன் அக்கா
சிவகாமி